யாரும் சாகாத நாளில் ட்ரம்பெட்

நவம்பர் 8, 2020, ஞாயிறு

மெர்சி அனுப்பிய விதிமுறைகளை மறுபடி படித்தேன். வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டை, போனைப் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். ஒரு காதில் மட்டும் இயர்போன், அதில் டிக் டிக் என்று தாளம் ஓடும். நடுவில் நிறுத்தி ஒட்டக் கூடாது. முக்கியமாக, வேறு எந்தச் சத்தமும் விழக் கூடாதாம். கும்மிடிப்பூண்டியில்! பின்னால் கம்பி மில், முன்னால் லாரி. சொன்னால் சிரிக்கிறாள்.

மெர்சி என் சித்தப்பா மகள். மீஞ்சூர் சர்ச்சில் பாடுகிறவள். கொரோனாவால் யாரும் கூடிப் பாட முடியவில்லை. அதனால் அவரவர் வீட்டில் பாடியும் வாசித்தும் வீடியோ அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கிறிஸ்துமஸ் பாட்டாக்கப் போகிறார்கள். வயலின், புல்லாங்குழல் எல்லாம் கிடைத்துவிட்டதாம். ட்ரம்பெட்டுக்குத்தான் ஆள் இல்லை. "எங்க அண்ணன் இருக்காருன்னு சொல்லிட்டேன்" என்கிறாள்.

எனக்கு மில்லில் வேலை. பேண்டு செட்டில் ஊதுவது லீவு நாளில். கல்யாணத்துக்கெல்லாம் இப்போது டிஜே. எங்களைக் கூப்பிடுவது சாவுக்கு மட்டும்தான். இத்தனை வருஷத்தில் யாராவது சாகாமல் நான் ட்ரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை. ஒரு தடவையாவது எடுக்க வேண்டும். அதற்காகத்தான் சரி என்றேன்.

நவம்பர் 9

ஊதவில்லை. என் மனைவி மேரியின் முகத்தைப் பார்த்தேன், பெட்டியைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 11, புதன்

மானம் போயிற்று.

ஷிப்டு மாறும் நேரத்தில் மில் கொஞ்சம் அடங்கும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு ஊதினேன். பாட்டு மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். பாதிகூட வரவில்லை, கதவைத் தட்டுகிறார்கள். எதிர்வீட்டு லட்சுமியம்மாள் அத்தை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். "எப்படா எட்வர்டு? காலைலகூட கஞ்சி குடிச்சாரேடா!" பின்னால் தெருவே மாஸ்க்கோடு தள்ளித் தள்ளி நிற்கிறது. கொரோனாவா என்று ஒருவன் என்னையே கேட்கிறான்.

என்னைப் பெற்ற நைனா உள்ளேதான் படுத்திருந்தார், உயிரோடு. ஏப்ரலில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து கட்டில்தான், பேச்சும் குழறல். அப்படி ஒருவர் படுத்திருக்கும் வீட்டிலிருந்து ட்ரம்பெட் கேட்டால் தெரு வேறென்ன நினைக்கும்? எனக்கு ஏன் இது தோன்றவில்லை? முட்டாள், முட்டாள்.

எல்லோரும் போன பிறகு மேரி பிடித்துக்கொண்டாள். "மனுசன் படுத்துக்கினு கீறாரு, அவரு காதுல சாவுப் பாட்டு ஊதிக்கினு நிக்கிற. அறிவு கீதா உனக்கு?" சாவுப் பாட்டு இல்லை, கிறிஸ்துமஸ் பாட்டு என்றேன். அதற்கும் திட்டு.

நைனா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். கேட்டிருப்பாரா? எல்லாம் கேட்டிருப்பார்.

நவம்பர் 15, ஞாயிறு

தீபாவளிக்கு மறுநாள், லீவு. ஏரிக்கரையில் போய் ஊதி மெர்சிக்கு அனுப்பினேன். காற்றுச் சத்தம்தான் கேட்கிறதாம், அறைக்குள் ஊத வேண்டுமாம். அதோடு விட்டாளா? "அண்ணா, ரொம்ப இழுக்கிறீங்க. டிக் டிக் அதுபாட்டுக்குப் போய்க்கினே கீது, நீங்க பின்னாலயே வர்றீங்க."

கோபம் வந்தது. ஊதத் தெரியாதவள் எனக்குச் சொல்கிறாளா? பிறகு போட்டுக் கேட்டேன். உண்மைதான். பாடைக்கு முன்னால் நடந்தே ஊதிப் பழகியவன் நான். தூக்குகிறவர்களின் கால்தான் எனக்குத் தாளம். தோள் மாற்ற அவர்கள் நின்றால் நானும் நீட்டுவேன். இப்போது கிறிஸ்துமஸ் பாட்டையும் சுடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நவம்பர் 18

விட்டுவிடலாமா? "வேறு ஆளைப் பார்த்துக்கொள்" என்று மெர்சிக்கு எழுதினேன். அனுப்பவில்லை. அந்த டிக் டிக்கைக் காதில் போட்டுக்கொண்டு மில்லுக்கு நடந்தேன். காலாவது பழகட்டும்.

நவம்பர் 22, ஞாயிறு

மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். மேரி பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். நைனா பகலெல்லாம் என்னையே பார்க்கிறார். என்ன வேண்டும் என்றால் இடக்கையை ஆட்டி ஒன்றுமில்லை என்கிறார். அந்தப் பார்வைக்குப் பயந்து வெளியே போகிறேன், வெளியேயும் நிற்க முடியவில்லை.

நவம்பர் 26, வியாழன்

நேற்று ராத்திரி அடித்த புயல் போய்விட்டது. கரண்ட் இல்லை. மில் ஓடவில்லை, லாரி இல்லை, மழையும் விட்டுவிட்டது. இந்த ஊரில் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. இதுதான் நேரம் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, இந்த அமைதியில் ஊதினால் சிப்காட் தொழிற்பேட்டை முழுக்கக் கேட்குமே என்று நினைத்தேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன்.

நைனா கட்டிலைத் தட்டினார்.

"ஊதலியா?"

"வேணா நைனா. தெரு கூடிடும். உனக்கும் ஒரு மாதிரி இருக்கும்."

"நான் செத்தா ஊதுவ இல்ல?"

போர்வையை இழுத்து விட்டேன்.

"அப்ப எனக்குக் கேக்குமாடா? இப்ப ஊது."

குழறிக் குழறி இதைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று! பிறகு வாசலைக் காட்டினார். "நாற்காலி போடு. நான் குந்திக்கினு கீறேன். எவன் வந்தாலும் பாத்துட்டுப் போவட்டும்."

மேரி வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள். "வெள்ள வேணாம்மா. பூப்போட்டது குடு" என்றார். மேரி சிரித்துவிட்டாள். எத்தனை நாள் ஆயிற்று அவள் சிரித்து. பரணில் ஏறி அவளே பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். நைனாவைத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தேன். இவ்வளவு லேசாகிவிட்டாரா?

உள்ளே வந்து கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊதினேன். நடுவில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பாடை இல்லை, கூட்டம் இல்லை, காதில் டிக் டிக் மட்டும்.

மேரிதான் சொன்னாள். லட்சுமியம்மாள் அத்தை தலைவிரிகோலமாக ஓடி வந்தாளாம். நைனா இடக்கையைத் தூக்கி, "இன்னும் போவல. குந்து, கேளு" என்றாராம். அவளும் வந்தவர்களும் கடைசிவரை அங்கேயே இருந்தார்களாம்.

நைனாவின் கண் ஈரமாக இருந்தது. பூப்போட்ட சட்டையைக் கழற்ற விடவில்லை. நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இல்லை.

நவம்பர் 28

சிக்னல் வந்ததும் அனுப்பினேன். மெர்சி: "ஓகே அண்ணா. நடுவுல யாரோ இருமறாங்க, பரவால்ல."

டிசம்பர் 24, வியாழன்

பாட்டு வந்துவிட்டது. கட்டம் கட்டமாக முகங்கள். கீழ் வரிசை ஓரத்தில் நான். என் சத்தம் எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி. இதற்கா இவ்வளவு பாடு என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"நீ எங்கடா?" என்றார் நைனா. காட்டுவதற்குள் வேறு யாருடைய முகத்தின்மேலோ விரலை வைத்து, "நல்லா கீற" என்றார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 3, 2021, ஞாயிறு

லட்சுமியம்மாள் அத்தை வந்தாள்.

"எட்வர்டு, தை பொறந்ததும் ஒரு நாளு வந்து ஊதணும்டா."

"ஐயோ, யாரு அத்தே?" என்று கேட்டுவிட்டேன். சாவுக்கு யாராவது முன்கூட்டி நாள் குறிப்பார்களா? அதைக்கூட யோசிக்கவில்லை.

"வாயக் கழுவு! பேத்திக்கு மொட்ட அடிச்சி காது குத்தறோம், பெரியபாளையம் அம்மன் கோயில்ல."

சந்தோஷமாக ஊத எனக்கு அந்த ஒரு பாட்டுதான் தெரியும், அதுவும் கிறிஸ்துமஸ் பாட்டு என்றேன். "அதையே ஊது. கொழந்த கத்தற கத்துல இன்னா பாட்டுன்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஊதிப் பார்த்தேன், முதலிலிருந்து கடைசிவரை. ஒருவரும் ஓடி வரவில்லை.