கழுத்தில் தொங்கிய கார்டு

மே 4

காலையிலேயே எங்கள் கூடார மைதானத்தின் ஏரிக்கரை வரிசையில் கரண்ட் போய்விட்டது. போய்ப் பார்த்தால் நான் நினைத்தது சரி. ஓரக் கூடாரத்துக்காரர் தன் காரின் வயரை இழுத்து, கெட்டில் போட வைத்திருக்கும் சாதா பிளக்கில் செருகியிருந்தார்.

"கார் சார்ஜ் போடத் தனியா கம்பம் நட்டு வச்சிருக்கோமே, கண்ணுக்குத் தெரியலையா?"

"அதுக்குத் தனியா காசு கேக்குறீங்களே பாட்டி."

"கெட்டில் ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கும். உங்க கார் ஏரியையே குடிக்கும். கேக்காம என்ன பண்றது?"

பக்கத்துக் கூடாரத்தில் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். போன கோடையிலும் இதே ஆள்தான், இதே வயர்தான். அப்போது என் ஃபிரிட்ஜில் இருந்த பால் அத்தனையும் திரிந்தது. முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது எனக்கு.

மற்ற ஊர்களில் போனிலேயே காசு கட்டிச் சார்ஜ் போட்டுக்கொள்கிறார்களாம். இங்கே சுற்றிலும் மலை. போனில் சிக்னல் ஏறாது. அதனால் மகன் ஒரு கார்டு வாங்கி என் கழுத்தில் மாட்டிவிட்டான். சார்ஜ் வேண்டுமானால் ஆபீசுக்கு வந்து என்னைக் கூப்பிட வேண்டும். கம்பத்தில் கார்டை ஒரு தரம் காட்டினால் பச்சை விளக்கு, கரண்ட் ஓடும். மறுபடி காட்டினால் வெள்ளை, நின்றுவிடும். பெரிய பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்கள்கூட என் பின்னால்தான் நடந்து வர வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று இங்கே பொய் எழுதுவானேன்.

மே 9

நாளை மகாராணி வருகிறாள், பேத்தியைக் கூட்டிப் போக.

என் மகனோடு இருந்தவள், பிரிந்து போனவள். லீவு விட்டால் பிள்ளை இங்கே, லீவு முடிந்தால் அங்கே. பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளை பெட்டி தூக்குகிறது.

அவள் செய்தது எதையும் நான் மறக்கவில்லை. வந்த முதல் நாளே தலையணையை மூக்கில் வைத்து முகர்ந்து, "இதை எப்ப துவைச்சீங்க அத்தை?" என்று கேட்டாள். என் இரும்பு வாணலியைத் துரு என்று சொல்லித் தூக்கிப் போட்டாள். அதெல்லாம் போகட்டும். என் வீட்டுக்காரர் செத்துப்போனபோது – அவளுக்கு மாமனார் – பாடையை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வந்து இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அதுகூட நினைவிருக்கிறது.

மே 10

வந்துவிட்டாள். "ராத்திரி முழுக்கப் போட்டு வைங்க அத்தை, சார்ஜ் ஏறக்குறைய காலி" என்றாள். கார்டைக் காட்டினேன், பச்சை எரிந்தது. மகன் வீட்டிலேயே தங்கச் சொன்னான். கேட்கவில்லை, வாடகை கொடுத்துக் குடிசை எடுத்துக்கொண்டாள். எங்கள் தலையணை ஆகாதே.

பிள்ளைக்கு மத்தியானத்திலிருந்து காது வலி. துணியைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்தவள், கூடாரத்துக்காரர்கள் எல்லாரும் பார்க்க, "இவ்வளவு நேரமா ஏரியில ஊற விடுவாங்க? வீட்டுல யாருமே பாக்கலையா?" என்றாள்.

யாருமே என்றால் யார்? நான்தானே.

பொழுது சாய்ந்து கேட்டைப் பூட்டப் போனேன். வழியில்தான் கம்பம். கார்டை எடுத்துக் காட்டினேன். வெள்ளை.

எதற்கு என்று எனக்கே சொல்லிவிடுகிறேன். என்னிடம் மறுபடி வரட்டும் என்றுதான். "நின்னுபோச்சு அத்தை, கொஞ்சம் வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்டால் உடனே போட்டுவிடுவேன். அவ்வளவுதான் எண்ணம்.

இன்னும் வரவில்லை.

மே 11

விடியும் முன்னே கார் சத்தம். பிள்ளை வலி தாங்காமல் அழுததாம். மகனை மட்டும் எழுப்பிக் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். நான் படுத்தபடியே, சார்ஜ் இல்லை என்று கேட் வரை போய்த் திரும்பி வருவாள் எனக் காத்திருந்தேன். வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

பால் வண்டிக்காரர் வந்து சொன்னார். மலை மேட்டில் கார் செத்து நின்றதாம். போன் எடுக்காத இடம். மழையில் எவ்வளவு நேரம் நின்றார்களோ. அவர்தான் இருவரையும் ஏற்றிக்கொண்டுபோய் டவுன் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்.

"பாப்பா காதைப் பொத்திக்கிட்டு ஒரே அழுகை பெரியம்மா. அப்புறம் அழுகையும் நின்னுபோச்சு. அதான் எனக்குப் பயமாயிடுச்சு."

மே 12

சாப்பாடு இறங்கவில்லை.

மே 13

மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். காது ஜவ்வு கிழிந்துவிட்டதாம். தானாக மூடிக்கொள்ளும், ஆனால் காது முன்போல் கேட்குமா என்று அப்புறம்தான் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர்.

அவனே சொன்னான்: "கம்பம் கோளாறும்மா. ராத்திரி பூரா போட்டும் ஏறவே இல்லையாம். அதை மாட்டிக் கொடுத்த வயர்காரரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேக்கணும்."

கம்பத்தில் கோளாறு இல்லையடா. கோளாறு உனக்குக் காபி ஊற்றிக்கொண்டு நின்றது.

மே 15

வயர்காரர் வந்தார். இந்த மைதானத்தில் முதல் பல்பு மாட்டியவர் அவர்தான். கம்பத்தைக் கழற்றிப் பார்த்தார், பூட்டினார். மறுபடி கழற்றினார்.

"தம்பி, இதுல ஒண்ணும் இல்ல. இது தானா நிக்காது."

"அப்ப என்ன, பேய் வந்து நிறுத்துச்சா? என் பிள்ளை காது போயிருக்கும் தெரியுமா?"

"தெரியும் தம்பி. என் வேலையில தப்பு இருந்தா நானே சொல்லிடுவேன்."

"இனிமே இந்தப் பக்கம் வேலைக்கு வராதீங்க."

மனிதர் திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கார்டு ரவிக்கைக்குள் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன் – என்ன சொன்னேன் தெரியுமா? "டீ போடட்டுமா?" என்றேன்.

டீ! இதுக்கு நான் ஊமையாவே பொறந்திருக்கலாம்.

மே 16

சொல்லிவிட்டேன். மகன் குளியலறைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான்தான் நிறுத்தினேன்."

"எதை?"

"அவ காரை. அன்னைக்குச் சாயங்காலம்."

கையில் குழாய் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவன் கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அவளுக்குன்னு நெனச்சுச் செஞ்சீங்க. வண்டியில யாரும்மா இருந்தா?"

தண்ணீர் என் காலடி வரை வந்துவிட்டது. அப்புறம் சொன்னான்: "வயர்காரர் கால்ல நான் போய் விழுந்துக்கறேன். அவகிட்ட நீங்களே பேசுங்க."

மே 18

ஆபீஸ் போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். யாரோ தண்ணீர் குழாய் எங்கே என்று கேட்க வந்தார்கள். அவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

மே 19

பேசினேன்.

"சொல்லுங்க அத்தை."

"பாப்பா எப்படி இருக்கா?"

"இடது பக்கமாப் படுக்க மாட்டேங்கிறா."

"அன்னைக்கு... கரண்டை நிறுத்தினது நான்தான்."

"தெரியும் அத்தை. சாப்பிட்ட தட்டைக் கழுவ வந்தப்பவே வெள்ளை லைட்டைப் பாத்துட்டேன்."

"பாத்தியா? பாத்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்ட வந்து நிக்கணுமே. இருக்கறதை வச்சு மேட்டைத் தாண்டிடலாம்னு கணக்குப் போட்டேன். அவளுக்குக் குளிர் தாங்கலைன்னு ஹீட்டரைப் போட்டேன். அதுல போச்சு."

அவளே மேலும் சொன்னாள்: "நானும் தூங்கலைதான் அத்தை. ஞாபகம் உங்களுக்கு மட்டும்தான் அதிகம்னு நெனச்சுக்காதீங்க."

வைத்துவிட்டாள். திட்டவில்லை.

கேட்கட்டும் என்று நான் இருந்தேன். கேட்கமாட்டேன் என்று அவள் இருந்தாள். நடுவில் பிள்ளையின் காது இருந்தது.

மே 20

கார்டைக் கழற்றிக் கம்பத்திலேயே தொங்கவிட்டேன். யார் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும், போகும்போது ஆபீசில் காசு கொடுக்கட்டும்.

"எவனாவது எடுத்துட்டுப் போயிடுவாம்மா" என்றான் மகன்.

"போனா போகட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே நாய்ச் சங்கிலி ஒன்றை எடுத்து வந்து கட்டினான். வயர்காரர்தான் கொக்கி அடித்துக் கொடுத்தார். வந்துவிட்டார், பெரிய மனது. டீ போடட்டுமா என்று கேட்கவில்லை. போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

கழுத்து லேசாக இருக்கிறது. கை மட்டும் அடிக்கடி அங்கே போகிறது.

ஜூன் 2

காசு கொடுக்காமல் ஒரு நீலக் கார் போய்விட்டது. முகம் நினைவில் இருக்கிறது. இருந்து என்ன.

ஜூன் 11

ஜவ்வு மூடிவிட்டதாம். இடது காது கொஞ்சம் மந்தம்தான், போகப் போகப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். அடுத்த லீவுக்கு அனுப்புவாளா என்று மகனிடம் கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 6

வந்தார்கள். இரண்டு பேரும்.

கார் நேராகக் கம்பத்துக்குத்தான் போனது. சங்கிலியில் தொங்கிய கார்டைப் பிள்ளை எக்கிப் பிடித்துக் காட்டியது, பச்சை எரிந்தது. அவள் டிக்கியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்தாள். கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள். ஏரியைப் பார்த்து இல்லை, விளக்கைப் பார்த்து.

மகன் போய்க் கூப்பிட்டான். "இருக்கட்டும். நெறையட்டும்" என்றாள். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பிள்ளை என்னிடம் ஓடி வந்தது. நான் பேசப் பேசத் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தது. இந்தப் பக்கம் நின்றிருந்தவள் அந்தப் பக்கம் மாறி நின்றேன். இனிமேல் எனக்கு அந்தப் பக்கம்தான்.

ஆபீஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தூறல் விழுந்தது.

"உள்ள போங்க அத்தை. முட்டி வலிக்கும்."

நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. எந்த வாயால் சொல்ல? "வலிக்கட்டும்" என்றேன்.

மழை வலுத்தது. அவள் குடையை விரித்தாள். பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது எழுத உட்காரும்போதுதான் பார்க்கிறேன். என் ஒரு தோள் மட்டும்தான் நனைந்திருக்கிறது.