கடல் பக்கம் நாற்பத்தொன்று

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்கே புழுக்கம். மொட்டை மாடியில் காய்ந்த இவருடைய வெள்ளைச் சட்டை மறுபடியும் சாம்பல் சட்டை. துவைத்ததையே துவைக்க எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும்.

இன்று வேலை: பாய்லர் உலைக்குள் முன்சுவர்க் குழாய்களின் தடிமன் அளப்பது. இருபத்திரண்டு மீட்டர் உயரத் தளம். இந்த அனல்மின் யூனிட்டுக்கு என்னைவிட வயது அதிகம். இன்னும் பதினைந்து வருஷம் ஓட வேண்டுமாம். அதற்காக நாலு மாதமாய் நிறுத்தி, பிரித்துப் போட்டிருக்கிறோம். எந்தக் குழாய் தேய்ந்திருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி எட்டு மாதம்; இங்கே இதுதான் முதல் பெரிய வேலை.

ஆள் நுழையும் கதவு வழியாகத் தவழ்ந்து உள்ளே. பையைக் கதவின் கைப்பிடியிலேயே மாட்டினேன் (தண்ணீர், எலுமிச்சை சாதம்). மோசமான இடம் கதவுக்குப் பக்கத்திலேயே. முன்சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கை ஓரத்திலிருந்து எண்ணினால் 41 முதல் 45 வரை. ஐந்து குழாய். புதிதில் ஆறு மி.மீ.க்கு மேல் இருந்தவை. இப்போது மூன்று. 43 மூன்றுகூட இல்லை. வெளியே கூட்ஸ் வண்டி போனது, பை ஆடியது, சாரமும் ஆடியது. 43-ஐ மறுபடி அளந்தேன். அதே.

மஞ்சள் சாக்பீஸில் குறி போட்டேன். முழங்கால் வலி. சிலிண்டர் புக் பண்ண மறந்தாச்சு.

ஜூன் 12, வியாழன்

பட்டியல் டைப் அடித்துக் கொடுத்தேன். "முன்சுவர், இடது 41–45, மாற்றவும்." கையெழுத்து, தேதி, முத்திரை.

உலையைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டார்கள். சாக்பீஸ் குறி எல்லாம் போச்சு. பரவாயில்லை, பட்டியல் இருக்கிறதே.

ஜூன் 16, திங்கள்

மழை வருவது போல் ஏமாற்றிவிட்டுப் போனது.

வெல்டர் சகாயம் பட்டியலோடு வந்தார். ராயபுரத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள், இருபத்தைந்து வருஷமாய் இதே பாய்லர். வெல்டிங் முடிந்ததும் குழாயைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதில்லை என்கிறார்கள்.

"மேடம், இதுல இடதுன்னு போட்டுகீது. கடல் பக்கமா, லைன் பக்கமா?"

இங்கே பழைய ஆட்கள் யாரும் இடது வலது சொல்வதில்லை. கிழக்கே கடல், மேற்கே ரயில் லைன். ஸ்பேனரைக்கூட "கடல் பக்கம் திருப்பு" என்றுதான் சொல்வார்கள். எனக்கு எரிச்சல். கையில் போன், மறுமுனையில் செயற்பொறியாளர் (இனி செ.பொ. பேரை முழுசாக எழுத மனசில்லை).

"டிராயிங் பாருங்க சகாயம். அதுல எது இடதோ அதுதான். பாய்லர்ல கடல் எங்கேர்ந்து வந்துது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

ஜூன் 18, புதன்

சகாயம் மறுபடி. அறுத்த குழாய்த் துண்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு.

"கல்லு மாதிரி கீது மேடம். அறுக்கற வீலு ரெண்டு தேஞ்சு பூட்ச்சு. நல்ல டியூப்ப இன்னாத்துக்கு அறுக்கறோம்?"

"ரிப்போர்ட்ல இருக்கு. அறுங்க."

துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை நாலு நாள் பின்தங்கி இருக்கிறது.

இவருக்கு பிரஷர் மாத்திரை. நெத்திலி. மெட்ரோ கார்டு ரீசார்ஜ்.

ஜூன் 30, திங்கள்

குழாய்களில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. செ.பொ. எல்லோருக்கும் டீ, பஜ்ஜி. என்னைப் பார்த்து, "எட்டு மாசத்துல எங்க ஊர்க்காரி ஆயிட்டீங்க மேடம்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்?

ஜூலை 2, புதன்

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன்.

பழைய இரும்பு ஏற்ற லாரி வருகிறது, கழிவு எடை சரிபார்க்க வேண்டும் என்று யார்டுக்குப் போனேன். அறுத்த குழாய்கள் ஓர் ஓரமாய்க் கிடந்தன. சகாயம் ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். "கடல் 41". "கடல் 42". அப்படியே 45 வரை. சும்மா காலால் உருட்டினேன். வெட்டு வாய் தடியாக இருந்தது. தடிமன் மீட்டரை வரவழைத்து வைத்தேன். ஆறு. அடுத்தது ஆறு. ஐந்தும் ஆறு.

ஐந்தையும் மறுபடி அளந்தேன். அதே.

வீட்டுக்கு வந்து இதே நோட்டில் ஜூன் 9-ஐப் படித்தேன். பையைக் கதவில் மாட்டினேன், கதவுக்குப் பக்கத்திலேயே மோசமான இடம், கூட்ஸ் போனபோது பை ஆடியது. அந்தக் கதவு லைன் பக்கம். நான் உலைக்கு உள்ளே உட்கார்ந்து முன்சுவரைப் பார்த்து எண்ணியிருக்கிறேன். என் இடது கை லைன் பக்கம். டிராயிங் போட்டவன் வெளியே நின்று பார்த்தவன். அவனுக்கு இடது கடல் பக்கம்.

நல்ல ஐந்தை அறுத்து எறிந்திருக்கிறோம். தேய்ந்த ஐந்தும் சுவரில் அப்படியே இருக்கின்றன.

அவர் கேட்டார். கடலா, லைனா என்று வாயைத் திறந்து கேட்டார். நாலு பேர் முன்னால் கிண்டல் செய்து அனுப்பினேன்.

"கடல் 41" துண்டில் முழ நீளம் அறுக்கச் சொல்லி, பழைய புடவையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. சாப்பிடவில்லை.

ஜூலை 3, வியாழன்

செ.பொ. அறையில் நானும் அவரும் மட்டும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"டெஸ்ட் பாஸ் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு சார். ஆனா அது பச்சைத் தண்ணி. நெருப்பு வெச்சா அந்த அஞ்சும் தாங்காது."

"இத்தனை வருஷம் தாங்கலையா? திங்கக்கிழமை லைட்-அப், பாய்லரைப் பத்த வெக்கணும். மேல இருந்து வராங்க. இப்போ சாரம் கட்டி, வெட்டி, ஒட்டி, மறுபடி டெஸ்ட்னா பத்து நாள். அடுத்த ஷட்டவுன்ல மாத்திக்கலாம்."

"சார், எழுத்துல தரேன்."

"தாராளமா குடுங்க. தப்பா எண்ணினது யாருன்னும் சேர்த்து எழுதுங்க."

வெளியே வந்துவிட்டேன். கடிதம் எழுதினேன், மடித்து இந்த நோட்டுக்குள் வைத்தேன். கொடுக்கவில்லை. பயம். வேறு பெயர் வைத்துக் கூப்பிட ஒன்றுமில்லை. சஸ்பென்ஷன், விசாரணை, "பொம்பளைகிட்ட பாய்லரைக் கொடுத்தா இப்படித்தான்" என்ற பேச்சு. எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தது. அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கப்போகிற ஆள் மட்டும் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சகாயத்தைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"லைட்-அப்புக்கு அப்புறம் ஷிஃப்டுக்கு ஒரு தடவை இருபத்திரண்டு மீட்டர்ல, லைன் பக்கக் கதவுகிட்ட நின்னு காது குடுங்க. சீறல் கேட்டா எனக்கு போன் பண்ணுங்க."

"லைன் பக்கம் நாம கையே வெக்கலியே மேடம்?"

"சும்மா, ஒரு ஜாக்கிரதைக்கு."

"சும்மான்னு சொல்ற ஆளா நீங்க?" என்றார். பிறகு, "செரி, நான் பாத்துக்கறேன். நீங்க பேஜார் ஆவாதீங்க."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. இதையும் எழுதி வைக்கிறேன், பிற்பாடு எனக்கே நான் பொய் சொல்லாமல் இருக்க.

ஜூலை 7, திங்கள்

லைட்-அப். பந்தல், மாலை, மைசூர்பாகு. பாய்லர் முன்னால் திருஷ்டிப் பூசணி உடைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான், அதைப் பார்த்துக் கை தட்டினேன். மேடையில் ஒருவர், "இந்த யூனிட்டுக்குப் புது ஆயுசு" என்றார். பதினொன்று பத்துக்குப் புகைபோக்கியில் புகை.

இவர் கேட்டார், "இன்னிக்கு உனக்குப் பெரிய நாளாச்சே, முகம் ஏன் இப்படி?" வெயில் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

சகாயம் போன். தினமும் பண்ணுகிறார். "ஒண்ணும் இல்ல மேடம். கொயந்த மாரி தூங்கினு கீது."

ஒருவேளை தாங்கிவிடுமோ? மூன்று மி.மீ.யில் வருஷக்கணக்காய் ஓடிய குழாய்கள் இருக்கின்றன. இன்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 12, சனி

மூன்று இருபது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன்.

"மேடம், சீறுது. லேசா. சைக்கிள் டியூப்ல காத்து போற மாரி."

"நகருங்க. உடனே கீழ இறங்குங்க. கன்ட்ரோல் ரூமுக்கு நான் சொல்றேன்."

"இருங்க மேடம், எந்த டியூப்புன்னு பாத்து சொல்லிடறேன். அப்பதான் உங்களுக்கு..."

அவர் கதவில் உள்ளே பார்க்கும் துளையின் மூடியைத் திறந்திருக்கிறார். எனக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அரசு ஆஸ்பத்திரி, தீக்காய வார்டு. முகம், கழுத்து, வலது கை, இரண்டு கண். உயிரைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

சகாயத்தின் மனைவி ஸ்டெல்லா வராண்டாவில், கையில் ஜெபமாலை. எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"நேத்து லீவு மேடம் அவருக்கு. மேடம் சொல்லிகீறாங்க, ஒரு தபா கேட்டுட்டு வந்துர்றேன்னு போனாரு. உங்க மேல அவ்ளோ மரியாதை."

அவள் என்னை அடித்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

உலையைக் குளிரவைத்துப் பார்த்தார்கள். வெடித்தது 43. வேறெது?

செ.பொ. கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் விபத்து அறிக்கை, "காரணம்" என்ற இடம் மட்டும் காலி.

"உள்ள நின்னு பார்த்தா வெடிச்சது இடது 43. உங்க லிஸ்ட்ல மாத்தினதும் இடது 43. அப்போ புது டியூப், புது வெல்டிங். வெல்டிங் பழுதுன்னு எழுதுங்க. பேப்பர் எல்லாம் கச்சிதமா பொருந்துது."

"சார், சகாயம் அந்தப் பக்கம் தொடவே இல்லை. அவர் வெல்டர் சர்டிபிகேட் போயிடும்."

"கண்ணு போன ஆளுக்கு இனிமே சர்டிபிகேட் எதுக்கும்மா?"

நிதானமாகச் சொன்னார். டீயைக் குடித்துக்கொண்டே. அந்த ஆளின் மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்ச நேரம் நன்றாகக்கூட இருந்தது. படியிறங்கும்போது அடங்கிவிட்டது. அவர் சொன்ன கணக்கில் முதல் எண் என்னுடையது.

"விசாரணைக்கு வியாழக்கிழமை ரெண்டு பேர் வராங்க. அறுத்த டியூப் எல்லாம் ஏலத்துல போயிடுச்சு, நல்லதாப் போச்சு" என்றார் கடைசியில்.

ஜூலை 16, புதன்

இவரிடம் முழுதும் சொன்னேன். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் எடை பார்த்தார்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"வீட்டு லோன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். துண்டைத் திரும்பப் புடவையில் சுற்றி என் ஆபீஸ் பைக்குள் வைத்தது அவர்தான். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்.

ஜூலை 17, வியாழன்

அனல். காற்றே இல்லை.

விசாரணை பத்தரைக்கு. புடவையைப் பிரித்துத் துண்டை மேஜையில் வைத்தேன். கண்ணாடி மேஜை, சத்தம் பலமாக வந்தது. பெயிண்ட் எழுத்து சகாயத்தினுடையது, பட்டியல் என்னுடையது, தப்பாக எண்ணியது நான், தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு அவரைக் காவலுக்கு அனுப்பியதும் நான் என்றேன். ஜூலை 3 தேதியிட்ட கடிதத்தையும் கொடுத்தேன். "இதை ஏன் அன்றே தரவில்லை?" என்று கேட்டார்கள். பயந்தேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். செ.பொ. என்னைப் பார்க்கவே இல்லை, துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செ.பொ. தானே எழுதி வைத்திருந்த வெல்டிங் பழுது என்ற வரியை அடித்துவிட்டார்கள். மற்றதெல்லாம் ஆர்டரில் தெரியுமாம். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

நாலரைக்கு ஆஸ்பத்திரி. ஸ்டெல்லா மருந்து வாங்கப் போயிருந்தாள். சகாயத்துக்கு முகம் முழுக்கக் கட்டு. உதடு மட்டும் வெளியே.

"சகாயம், நான்தான்."

"செருப்பு சத்தத்துலயே தெரிஞ்சுது மேடம்."

"அன்னிக்கு நீங்க கேட்டீங்க, கடலா லைனான்னு. லைன் பக்கம் சகாயம். நான் தப்பா சொல்லிட்டேன். அப்புறம் தெரிஞ்சும் சொல்லல."

தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அறுக்கும்போதே எனக்கு டவுட்டு மேடம். படிச்சவங்க சொல்றாங்களேன்னு உட்டுட்டேன்."

அழுதேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு. தெரிந்திருக்கும், காது நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கழித்து இடது கையை லேசாகத் தூக்கினார்.

"இந்தாண்ட சூடு அடிக்குது. ஜன்னலு கீதா? எந்தப் பக்கம் மேடம், கடலா, லைனா?"

கடல் என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். எழுந்து ஜன்னல் வரை போய், வெளியே தலையை நீட்டி, சூரியன் எங்கே என்று பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

லைன் பக்கம்.