சண்டை மூட்டிய ஷட்டர்

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, உன் லட்சணம் தெரிந்ததால் சுகமாக இருப்பாய் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அப்பா பேச்சை எடுத்தாலே வேற ஏதாவது பேசும்மா என்கிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ அங்கே, என் குரலைக் கேட்டாலே அப்பா போனை வைத்துவிடுகிறார், அதனால் லீவுக்கு வரமாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். இங்கே உன் அப்பா, நான் ஹலோ சொன்னதும் கட் பண்றா, அவ்வளவு தூரம் போகாதேன்னு சொன்ன கோபம் அவளுக்கு இன்னும் தீரல என்று அதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அப்பனும் மகளும் அச்சு அசல் ஒன்று, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

போன வியாழக்கிழமை குட்டு வெளிப்பட்டது. ஊருக்கெல்லாம் ஷட்டர் பழுது பார்க்கிற மனுஷர் நம் பட்டறை ஷட்டருக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டார், சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ந்தது. அன்று சாயங்காலம் மூடும்போது பாதியில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா போன் போட்டாள், அவள் பேச்சுக்கு முற்றுப்புள்ளி ஏது, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா தொங்கிப் பிடித்து ஷட்டரைக் கீழே இழுத்தால் பெரியம்மா குரல் கரகரத்து நிற்கிறது, மேலே தள்ளினால் மறுபடி மருமகளைத் திட்டிக்கொண்டே வருகிறது. இழுத்தார், தள்ளினார், இழுத்தார், திடீரென்று அப்படியே நின்றுவிட்டார். அப்ப நம்ம வாலு கட் பண்ணலையாடி என்றார். பெரியம்மா போன் என்றாலே பாத்ரூமுக்குள் ஓடி ஒளிகிறவர், வைக்காதீங்க அண்ணி, இன்னும் பேசுங்க என்று கெஞ்சிக் கெஞ்சி ஷட்டரை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அவளுக்கு ஒரே பூரிப்பு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். பட்டறையில் மூன்று சுவரிலும் தகடு அடுக்கியிருக்கிறோம், மேலே தகரக் கூரை, சிக்னல் உள்ளே வர இருந்த ஒரே வழி ஷட்டர். நீ கூப்பிட்டால் தெரு இரைச்சலில் உன் குரல் சரியாகக் கேட்காதே என்று அதை ஓடிப்போய் இறக்கிவிட்டுத்தான் என் கையிலிருந்து போனைப் பிடுங்குவார். ஆசை ஆசையாக ஹலோ என்பார், அதற்குள் லைன் செத்திருக்கும். நீ திரும்பக் கூப்பிட்டாலும் மணி அடிக்காது.

அலை போய்க்கொண்டிருக்கும்போதே சுற்றியிருக்கிற பொருளின் குணம் சட்டென்று மாறினால் அது இரண்டாகப் பிரியும், ஒரு பங்கு முன்னால் போகும், ஒரு பங்கு வந்த வழியே திரும்பும், சுருதியும் மாறிவிடும் என்று உன் ஆராய்ச்சியை எனக்கு விளக்கினாயே, அதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அப்ப அவ ஷட்டரைப் பத்திதான் படிக்கிறாளா, அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம், அப்பன்கூடவே பட்டறையில நின்னிருக்கலாமே என்கிறாள். நீ ஆராய்கிற வேகத்துக்கு நம் ஷட்டர் ஆமை, இது தகடு அலையைத் திருப்பி அனுப்புகிற சாதாரண சமாசாரம் என்று நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். ஆனால் இத்தனை படித்தவளுக்கும் லைன் போனதும் அப்பா மனசு மாறிவிட்டது என்றுதானேடி தோன்றியது? எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை, விடு.

ஷட்டர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது, சரிபண்ணச் சொன்னால் அப்பா, அவ கூப்பிடட்டும் அப்புறம் பார்க்கலாம் என்கிறார். தெருநாய் ஒன்று உள்ளே வந்து குடித்தனமே ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் கேலி செய்கிறார், இவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. சாப்பிட்டியா என்பார், அதற்குமேல் சத்தமே வராது. அது சிக்னல் போனதல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார், நீ வைத்துவிடாதே. லீவுக்கு டிக்கெட் போட மறக்காதே. நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நன்றாக இரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

தபாலில் போடும் முன் அப்பாவிடம் கொடுத்தேன், கீழே ஏதோ கிறுக்கியிருக்கிறார்.

நான் வைக்கலம்மா. ஒரு தடவைகூட வைக்கல.