கரண்டு வைத்த உடம்பு

இன்று காலை என் நெஞ்சில் ஊதா மையால் இரண்டு கோடு போட்டார்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. குளிக்கும்போது அழித்துவிடாதீர்கள் என்று நர்ஸ் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. அந்த மையின் வாசனை அப்படியே நம் செக்சன் ஆபீஸ் ஸ்டாம்பு பேடின் வாசனை. மூக்கில் ஏறியதும் நீ எதிரில் வந்து நின்றுவிட்டாய். கழுத்தில் இதே கோடு. "லைன்மேன் ஒடம்புலயே ஒயரிங் பிளான் போட்டுட்டாங்கடா" என்று அதே சிரிப்பு.

ஆமாம், எனக்கும் புற்று வந்துவிட்டது. உனக்குத் தொண்டையில், எனக்கு நுரையீரலில். உனக்கு எண்பதுகளில், முப்பத்திரண்டு வயதில் வந்தது. எனக்கு எழுபதைத் தாண்டி வந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் "எப்பவும் லேட்டுதானடா நீ" என்றிருப்பாய்.

ரேடியேஷன் என்று அப்போது நம் பக்கத்தில் யார் சொன்னார்கள்? 'கரண்டு வைக்கிறது' என்றுதான் பேச்சு. தர்மபுரி கரண்டு ஆபீஸ் லைன்மேனுக்கு அந்தச் சொல் கிடைத்தால் விடுவானா? "பத்து வருசமா கரண்டு மேல படாம தப்பிச்சிக்கிட்டிருந்தேன். இப்ப லீவு போட்டு, பஸ் புடிச்சி, பெங்களூர் போயி வச்சிக்கிட்டு வரேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாய். ஆறு வாரம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாய். நான், அந்தோணி, மாதையன், மூன்று பேரும் வாரத்துக்கு ஒருவராக உன்னோடு போய்த் தங்கினோம். நாங்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். நீ கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாய்.

அந்த மிஷினுக்கு சப்ளை எங்கிருந்து வருகிறது, நடுவில் கரண்டு போனால் என்ன ஆகும், எர்த் எங்கே? மிஷினை இயக்கும் அம்மா கன்னடத்தில் சலித்துக்கொண்டே பதில் சொல்வார். ஒருநாள் வெளியே வந்து என் தோளை உலுக்கினாய். "டேய், அது நம்ம கரண்டே இல்லடா. உள்ளார ஏதோ ஒலோகம் இருக்குதாம், அதுலருந்து தானா கதிர் வருதாம். கம்பி இல்ல, கம்பம் இல்ல, பீஸ் போறதும் இல்ல!" பரிசு விழுந்தவன் மாதிரி இருந்தது உன் முகம். படுக்க வைத்துவிட்டு அந்த அம்மா தினமும் "அல்லாடபேடி" என்பாராம். அசையாதீர்கள் என்று அர்த்தம். நீ அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டாய். "அல்லாட வேணாம்னு ஒருத்தவுங்க தெனமும் சொல்லி அனுப்பறாங்க. இதுக்கு மேல என்னாடா வேணும்?"

வாய் உலர்ந்து நாக்கு மரத்ததையும் நீ சும்மா விடவில்லை. எந்த ருசி முதலில் போகிறது என்று பார்க்க எங்களை வேலை வாங்கினாய். அந்தோணி வெல்லம் கொண்டுவருவான், மாதையன் புளியங்காய், நான் மிளகு. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டுவாய். "இனிப்பு டிரிப் ஆயிடுச்சி. புளிப்பு மட்டும் லைன்ல இருக்குது" என்று அறிக்கை வரும். களி சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று அதற்கு மட்டும் வருத்தப்பட்டாய்.

மூன்றாம் வாரம்தான் அந்தத் தப்பு நடந்தது. வெள்ளிக்கிழமை உன்னை இறக்கிக் கூட்டிப்போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்; அந்த வாரம் உன்னோடு தங்கிய மாதையன் பைகளோடு முன்னால் இறங்கிவிட்டான். தொப்பூர் கணவாயில் லாரி மோதிய கம்பத்தை நிறுத்திவிட்டு நேராக வந்தவன், கையில் ரப்பர் கிளவுஸோடு நின்றேன். தெரு முழுக்க ஒரே பேச்சு அப்போது, கரண்டு வைத்த உடம்பைத் தொட்டால் இழுத்துவிடும் என்று. நான் நம்பவில்லை. ஆனால் கிளவுஸைக் கழற்றவும் இல்லை. நீ என் கையையே பார்த்தாய்.

"எத்தன வோல்ட்டுடா எம்மேல?"

"கிரீஸுப்பா, கையெல்லாம் அழுக்கு."

நீ சிரித்தாய். ஆனால் என் தோளைப் பிடிக்காமல் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினாய். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் உன்னோடு போக வேண்டிய முறை என்னுடையது. "நான் வரலடா, போதும்" என்றாய். பாதியில் விட்டால் இதுவரை வைத்ததும் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவோ கெஞ்சினேன். கடைசியில்தான் சொன்னாய், உன் ஐந்து வயது மகள் உன் பக்கத்தில் வருவதில்லை என்று.

"கம்பத்துல மண்டை ஓடு படம் மாட்டி அபாயம்னு போடுவோம்ல, அதப் பாக்கற மாதிரி பாக்குதுடா எம்புள்ள. வாந்தி, வலி எதுனாலும் தாங்கிப்பேன். இத முடியல."

உன் மனைவி கதவோரம் நின்று அழுதாள். "நான் என்னங்க பண்றது? ஊரே சொல்லுது, புள்ளைக்கு இழுத்துடும்னு. ஆம்பளைங்க நீங்களே கிளவுஸ் போட்டுக்கிட்டுத் தொடறீங்களாம்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ எழுந்தாய். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தாய். எல்லோரையும் கூப்பிட்டு, முதலில் பிளக் பாயிண்டில் வைத்துக் காட்டினாய். சிவப்பாக எரிந்தது. பிறகு உன் முழங்கையில் வைத்தாய். எரியவில்லை. கழுத்தில், அந்த ஊதாக் கோட்டின் மேலேயே வைத்தாய். எரியவில்லை.

"பாத்துக்கோங்க, கரண்டுக்காரன் சொல்றேன். சப்ளை இல்ல!"

மகள் மெல்ல வந்து ஒற்றை விரலால் உன்னைத் தொட்டாள். "இழுக்கலம்மா!" என்று கத்தினாள். அப்புறம் உன் மடியைவிட்டு அவளை இறக்கவே முடியவில்லை. மறுநாள் நாம் முதல் பஸ் பிடித்தோம். மிச்ச மூன்று வாரமும் போய் முடித்தாய். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் எங்களோடு வேலை பார்த்தாய், கேள்வி கேட்டாய், களியை ருசித்துத் தின்றாய். நோய் மறுபடி வந்தபோதுதான் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்று எனக்கு முதல் நாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி காபி டம்ளரை நீட்டினாள். அவள் விரல் படாமல் வாங்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாக ஒதுங்கியது. முப்பது வருஷம் கரண்டோடு குப்பை கொட்டியவன் நான். இது அந்தக் கரண்டு இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அப்படியும் ஒதுங்கியது.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இதுவரை யோசிக்காத ஒன்று பிடிபட்டது. எல்லோரையும் கூப்பிடுவதற்கு முன்னால் நீ டெஸ்டரோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். ஒரு நிமிஷம் இருக்கும். பிளக் பாயிண்டைச் சரி பார்க்கிறாய் என்று நினைத்தேன். பிளக் பாயிண்டு கூடத்தில்தான் இருந்தது.

எல்லாம் தெரிந்த நீயும் உள்ளே போய் முதலில் தனியாக டெஸ்டரை உன் உடம்பில் வைத்துப் பார்த்திருக்கிறாய். அந்த ஒரு நிமிஷம் உனக்கு எப்படி இருந்திருக்கும்? உன்னோடு உள்ளே வந்து, வெறுங்கையால் உன் கையைப் பிடித்து, "நான் பாக்கறேன், நீ கண்ண மூடிக்கோ" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.