நீ திறந்து வைத்த ஹோட்டல்கள்

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டிக்கொள்ளப் புடவை தேடி அலமாரியைத் திறந்தேன். துணிகளுக்கு இடையிலிருந்து சோப்பு வாசனை குப்பென்று வந்தது. சின்னச் சின்ன ஹோட்டல் சோப்புகள், எல்லாம் நீ கொண்டுவந்து தந்தவை. உறைகளில் இருந்த கடலும் மலையும் மங்கிவிட்டன, வாசனை போகவில்லை. ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. பிரித்துக் குளித்தால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும் என்று ஒரு பிடிவாதம். இனி உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு உன்மேல் பொறாமை. அன்றும் பொறாமை, இன்றும் பொறாமை.

ரப்பரையும் ஈயத்தையும் மட்டும் நம்பியிருந்தால் போதாது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிச் செலவு செய்ய வேண்டும் என்று அரசாங்கமே ஹோட்டல் முதலாளியாகிவிட்ட எழுபதுகள் அது. கோலாலம்பூரில் கட்டிய பெரிய ஹோட்டலில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து வருவேன், நீ சுங்கை வேயிலிருந்து பஸ் பிடித்து வருவாய். முதலில் நம்மைத் துணி அறையில் போட்டார்கள். பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். உதறி இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிப்போம். வாய் அது பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

பிறகு இருவருமே அறைகளை மேற்பார்க்கும் சூப்பர்வைசர்கள் ஆனோம். வேலையில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. நான் விரிப்பின் மூலையைச் செருகினால் விறைத்து நிற்கும். உன் மூலை தொளதொளவென்று கிடக்கும். இது உனக்கும் தெரியும்.

அரசாங்கம் ஒரு ஹோட்டலோடு நிற்கவில்லை. பினாங்குக் கடற்கரையில் ஒன்று, மலை மேலே ஒன்று, கிழக்குக் கரையில் ஒன்று, கடைசியாக லங்காவித் தீவில் ஒன்று என்று கட்டிக்கொண்டே போனது. புதிதாக ஒன்று எழும்பினால், கோலாலம்பூரிலிருந்து பழகிய ஆட்கள் சிலர் முன்னதாகப் போய், அங்கே எடுத்தவர்களுக்கு வேலை பழக்கி, ஹோட்டலைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஓப்பனிங் டீம் என்பார்கள். யார் போவது என்று முடிவு செய்பவர் நம் தலைமை மேற்பார்வையாளர், நாம் ‘காக்’ என்று கூப்பிடும் மலாய் அக்கா. அவர் வாசிக்கும் பெயர்களில் உன் பெயர் எப்போதும் இருக்கும். என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. நீ கல்யாணம் கட்டாதவள், அதனால்தான் உன்னை அனுப்புகிறார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குப் புருஷனும் மகனும் இருந்தார்கள், ஆனாலும் அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

அதைவிட வயிற்றெரிச்சல் அந்த ஒத்திகை. திறப்பதற்கு முன்னால் நம் ஆட்களே விருந்தாளிகளாக அறையில் தங்கிப் பார்ப்பார்கள். வெந்நீர் வருகிறதா, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். குறை சொல்வதுதான் அங்கே வேலை. அப்படிப்பட்ட கட்டில்களுக்கு நாம் எல்லோரும்தான் வருஷக்கணக்கில் விரிப்புப் போட்டோம், படுத்துப் பார்த்த கொடுத்துவைத்தவள் நீ ஒருத்திதான்.

திரும்பி வந்ததும் துணி அறையில் உன்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

“மெத்தையில சாஞ்சிக்கிட்டு ஃபோன எடுத்தேன்டி. ‘தலகாணி கல்லு மாரி இருக்கு, மாத்துங்க லா’ன்னேன். அடிச்சுப் புடிச்சு ஓடியாரான்!”

“நெசமாவே கல்லு மாரியா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“பஞ்சு மாரி இருந்துச்சு. சும்மா மாத்தச் சொன்னேன்.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நீ என்னைத் தனியாக அழைத்து, “இந்தா, ஒனக்குன்னு எடுத்து வச்சேன்” என்று சோப்பை நீட்டினாய். அந்தச் சிரிப்பு மாறாமல் வாங்கிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

லங்காவி வந்தபோது, இந்தத் தடவை நான்தான் என்று நம்பினேன். மாமியாரும் துணைக்கு இருந்தார். “நீ போய்ட்டு வாம்மா. சோறாக்கிப் போட நான் இல்லியா?” என்றார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு புதுப் பயணப் பை வாங்கினேன். உன்னிடம் காட்டவும் செய்தேன். “நல்லாருக்குடி, எம்மாம் பெருசு!” என்று ஜிப்பை இழுத்து மூடிப் பார்த்தாய். அந்த வாரமே காக் பெயர்களை வாசித்தார். நீ இருந்தாய், நான் இல்லை. வீட்டுக்காரர் கேட்டார், “ஒன் கூட்டாளி மட்டும் எப்படி லா எல்லா எடத்துக்கும் போறா?” எனக்கு என்ன தெரியும்? பையில் மகன் பந்து விளையாடும் சாமான்களைப் போட்டுக்கொண்டான்.

தொண்ணூறுகளில் அரசாங்கம் அந்த ஹோட்டல்களை ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தது. வாங்கியவர்கள் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். நாமும் வேலையை விட்டு வந்தோம். என் வீட்டுக் கூடத்தில் தேநீரை ஆற்றிக்கொண்டே, “நான் தொறந்து வச்சது எல்லாம் போச்சுடி” என்று நீ கண் கலங்கினாய். உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

உன் சாவு வீட்டுக்குக் காக் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார்: “ஒவ்வொரு தடவையும் நான் முதல்ல ஒன்னைத்தான் நெனைப்பேன். இவதான் ஓடியாந்து நிப்பா. ‘அவள அனுப்பாதீங்க காக், வீட்டுல சின்னப் புள்ள, பாவம், தவிச்சிப் போயிருவா. நான் போறேன்’னு சொல்லுவா. ஒனக்கு நல்ல கூட்டாளி.”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. சுற்றிலும் ஒப்பாரி, நான் மட்டும் உன் முகத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன். துக்கத்தில் உறைந்துவிட்டாள் என்று நினைத்து உன் தங்கை எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

முதல் தடவை நீ சொன்னது அன்பாகவே இருந்திருக்கலாம். பிள்ளை தவழ்ந்த காலத்தில் என்னைக் கேட்டிருந்தால் நானே மாட்டேன் என்றிருப்பேன். ஆனால் லங்காவி திறந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அவன் என்ன சின்னப் பிள்ளை? என் புதுப் பையை உன் கையாலேயே மூடிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் காக்கிடம் போய் நின்றிருக்கிறாய்.

“செத்தவங்கள தப்பா நெனைக்காத. ஒம் மேல உள்ள பாசத்துல சொல்லிருப்பா” என்கிறார் வீட்டுக்காரர். பாசம் என்றால் எனக்கு வேண்டாம். பாவம் பார்த்து வீட்டில் உட்கார வைக்கும் அளவுக்கு நான் ஒன்றும் இளைத்தவள் இல்லை. ஒரு தடவை நான் போய்விட்டால் காக் அப்புறம் உன்னைத் தேட மாட்டார் என்று நீ பயந்திருக்க வேண்டும். உன்னைப் பார்த்து நான் வெந்ததுபோல, என்னைப் பார்த்து நீயும் வெந்திருக்க வேண்டும். அப்படித்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். நீ நல்லவள் என்று இனி யார் வந்து சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.