என் தொண்ணூற்றாறு சதவீதம்

8 செப்டம்பர், திங்கள்

மாதம் முடிவதற்குள் டெனிஸ், அமலராணி இருவரில் ஒருவரை நிரந்தரம் செய்ய வேண்டும், மற்றவரை அனுப்பிவிட வேண்டும் என்றார் அச்சுதன் சார். யாரை என்பதை நான் போடும் மார்க் சொல்லுமாம். மூன்று வருடம் அறிக்கை எழுதி தொண்ணூற்றாறு சதவீதம் சரியாகச் சொன்னவள் என்பதற்காகத்தானே எனக்கு இந்தத் தர மேலாளர் நாற்காலி.

நாவலூர் ஆபீஸில் எங்கள் வேலைக்கு இன்டெலிஜென்ஸ் அனாலிசிஸ் என்று பெயர். நான் எங்கேயோ வேவு பார்க்கிறேன் என்று நாத்தனார் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள். நிஜத்தில், லாரியும் ஸ்டாஃப் பஸ்ஸும் ஓட்டும் கம்பெனிகள் எங்களிடம் கேள்வி கேட்கும். அந்த ரோடு அடைபடுமா, இந்த ஆலையில் ஸ்ட்ரைக் வருமா, மழை பெய்தால் முடிச்சூருக்குள் வண்டி போகுமா. செய்தி, போன், பழைய விவரம் எல்லாவற்றையும் சலித்து, நடக்கும் அல்லது நடக்காது என்று எழுதித் தருவோம்.

டெனிஸ் தொண்ணூற்றிரண்டு. அமலராணி ஐம்பத்தெட்டு. அரை நாளில் வேலை முடிந்தது.

10 செப்டம்பர், புதன்

முடியவில்லை. அறிக்கைகளை உட்கார்ந்து படித்ததுதான் தப்பு.

சேர்ந்த நாளிலேயே டெனிஸுக்குச் சாலைகள், அமலராணிக்கு ஆலைகள் என்று பிரித்துவிட்டார்கள். அவனுக்கு வந்த கேள்வி: மூன்று நாள் விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், ஊருக்குப் போகிற வண்டியெல்லாம் தாண்டும் பெருங்களத்தூரில் நெரிசல் இருக்குமா? அவளுக்கு வந்தது: ஒரகடம் பக்கத்து ஆலையில் பேச்சுவார்த்தை முறிந்து இந்த வாரமே ஆட்கள் வெளியே வருவார்களா? இரண்டுக்கும் ஒரே மார்க். இது என்ன நியாயம்?

அமலராணியிடம் பேசிப் பார்த்தேன். "நான் சொன்னது தப்புன்னா தப்புதான் மேடம். மார்க்கைக் குறைச்சுக்கோங்க" என்றாள். ஒரு வார்த்தை கெஞ்சக்கூடாதா இந்தப் பெண்? எனக்குக் கோபம்தான் வந்தது.

12 செப்டம்பர், வெள்ளி

கேள்வி எவ்வளவு கடினம் என்று அவர்களையே குறிக்கச் சொன்னேன். இருவரும் எல்லாவற்றுக்கும் "மிகக் கடினம்" என்று டிக் போட்டிருக்கிறார்கள். பெருங்களத்தூருக்கும் மிகக் கடினமாம். டெனிஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரிக்கிறான்.

14 செப்டம்பர், ஞாயிறு

என் கணவர் கஸ்தூரிரங்கன் பொத்தேரி கல்லூரியில் வாத்தியார். வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினேன். தலையே தூக்காமல் சொன்னார்: "இந்த மூணாவது கேள்வியை நான் கஷ்டம்னு நினைச்சுதான் வெச்சேன். கிளாஸே சரியாப் போட்டிருக்கு. அப்போ அது கஷ்டமா?"

அட! இருபது வருடமாக இந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எங்கெங்கோ தேடியிருக்கிறேன்.

15 செப்டம்பர், திங்கள்

அதே கேள்விகளை எங்கள் வேலையே தெரியாத பத்துப் பேரிடம் கேட்பது என்று முடிவு. நடந்தது தெரிந்துவிடக்கூடாது என்று தேதி, ஆலைப் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன்.

முதல் ஆள் பச்சையம்மா. கீழ்க்கட்டளையில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை. பெருங்களத்தூர் கேள்வியைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாம்மா கேள்வி இது? மூணு நாள் லீவு வுட்டா ஊரே அங்கதானே நின்னுகினு கீது." ஆலைக் கேள்விக்குக் கரண்டி நின்றுவிட்டது. "அத்த நான் இன்னாத்த கண்டேன்? உள்ளாற கீறவனுக்கே தெரியாது." பிறகு, மனசு கேட்காமல், "வருவானுங்கன்னு போட்டுக்கோ" என்றாள். நிஜத்தில் அந்த வாரம் ஆட்கள் வெளியே வரவில்லை.

20 செப்டம்பர், சனி

பத்துப் பேரும் முடிந்தது. வாட்ச்மேன் சவுரிமுத்து மட்டும் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றே சொல்லிவிட்டார்.

டெனிஸின் கேள்விகளில் ஊர், அதாவது அந்தப் பத்துப் பேர், சரியாகச் சொன்னது தொண்ணூறு சதவீதம். அவன் தொண்ணூற்றிரண்டு. அமலராணியின் கேள்விகளில் ஊர் நாற்பது. அவள் ஐம்பத்தெட்டு!

அவள் எழுதிய காரணங்களை மறுபடி படித்தேன். சங்கத்துக்காரர் பேச்சு, ஷிப்டு மாறின நாள், போன வருடம் நடந்தது — எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறாள். தவறிய அறிக்கைகளில்கூட. சந்தோஷமாக இருந்தது. இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

23 செப்டம்பர், செவ்வாய்

ஏன்தான் இதைச் செய்தேனோ.

இருவரை மட்டும் காட்டினால், பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறேன் என்பார் சார். ஊரைவிட உயரத்தில் நிற்கும் நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்று காட்ட மூன்றாவதாக ஒருவர் வேண்டும். யாரைப் போடுவேன்? என்னைத்தான். என் பழைய கேள்விகளை அதே பத்துப் பேரிடம் கேட்டேன்.

நான் தொண்ணூற்றாறு. ஊர் தொண்ணூற்றைந்து.

ஒரு சதவீதம். அவ்ளோதான் நான். மூணு வருஷம்! அதிலும் பாதி அறிக்கையில் "வாய்ப்புள்ளது" என்று எழுதியிருக்கேன். நடந்தாலும் சரி, நடக்கலைன்னாலும் சரி. எவ்வளவு சாமர்த்தியம்டி உனக்கு, திரிபுரசுந்தரி?

எடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வெறும் தொண்ணூற்றாறு எப்படி வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே போய்த் தேடுவேன்? இல்லாவிட்டால் அந்தப் பெண் போய்விடுவாள். பெயர்களை மறைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

26 செப்டம்பர், வெள்ளி

சார் மெதுவாகத்தான் படிப்பார். மூன்றாம் ஆளிடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு அறிக்கையைச் சத்தமாக வேறு படித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

"காலையில விடியும்னு எழுதி மார்க் வாங்கியிருக்காரு. யாரும்மா இவரை வேலைக்கு எடுத்தது?"

"நீங்கதான் சார். அது நான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார், இந்தத் தடவை சிரிக்காமல்.

30 செப்டம்பர், செவ்வாய்

அமலராணி நிரந்தரம். கடிதத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஆலைக்கு போன் போட உட்கார்ந்துவிட்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

கடினமான கேள்வியே கொடுக்காமல் டெனிஸை எப்படி எடைபோடுவது என்று நான் கேட்டதில், அவனுக்கும் மூன்று மாதம் கிடைத்தது. இனி அவனுக்கும் ஆலைக் கேள்விகள்தான். இப்போது சிரிப்பைக் காணோம்.

நான் சாரிடம் இன்னொன்றும் கேட்டேன். வாரத்துக்கு மூன்று ஆலைக் கேள்வி எனக்கும் வேண்டும். "வாய்ப்புள்ளது" இல்லாமல் எழுதித் தருகிறேன். மார்க் போடுவது அமலராணி.

14 நவம்பர், வெள்ளி

இருபது கேள்வி. பதினொன்று சரி. ஐம்பத்தைந்து சதவீதம். ஊர் நாற்பத்தைந்து.

அமலராணி மார்க் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே தயங்கி நின்றாள். என்னைவிட அவளுக்குத்தான் முகம் வாடியிருந்தது. நான் எழுந்துபோய் வாங்கிப் பார்த்தேன். தவறிய ஒன்பதிலும் எந்த இடத்தில் சறுக்கினேன் என்று பென்சிலில் எழுதியிருந்தாள்.

மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கஸ்தூரிரங்கனிடம் காட்ட வேண்டும். தொண்ணூற்றாறை ஒரு நாளும் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை.