காக்கா ஆழி ஒட்டாத இடம்

என் உயிரான அக்காவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் மழைக்காலம் முடிந்துவிட்டது. எண்ணூர் ஆறு ஓடுகிறது, நானும் இறாலுக்கு இறங்குகிறேன். இதைத்தானே நீ முதலில் கேட்பாய்? மற்ற நலம் விசாரிப்பெல்லாம் உனக்கு அப்புறம்தான்.

காக்கா ஆழி, அந்தக் கறுப்புச் சிப்பி, இன்னும் பரவிவிட்டது. வள்ளூர்ப் பக்கத்துச் சேற்றில் தொடங்கி, நாம் எப்போதும் இறங்குகிற இடம் வரை கறுப்புக் கம்பளி விரித்த மாதிரி படிந்து கிடக்கிறது. எந்த நாட்டிலிருந்தோ கப்பலோடு வந்தது என்கிறார்கள். அது சேற்றை மூடிவிட்டால் இறால் எங்கே புதையும்? மட்டிக்குத்தான் ஏது இடம்? கையை விட்டுத் துழாவினால் விரல் கிழிவதுதான் மிச்சம்.

அது புதிதாக வந்தபோது நீ செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? நம் பச்சை ஆழியின் குஞ்சு என்று நினைத்து ஆற்றுக்கே காவல் நின்றாய். "யாரும் மெதிக்காதீங்கடி, வளரட்டும். அடுத்த சீசனுக்கு அள்ளிக்கினு போலாம்!" அது வளர்ந்து நம் இடத்தையே பிடித்துக்கொண்டதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். "திருடனுக்கு நானே பாய் போட்டு பட்த்துக்கோன்னு சொல்லிக்கீறேன்டி!" உன்னைத் தவிர யாருக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரும்?

படுக்கையில் விழுந்த பிறகும் உனக்கு ஆற்றுப் பேச்சுதான். "மொகத்துவாரத்தாண்ட போடி. அங்க மணலு, இழுப்பு ஜாஸ்தி, உப்பும் ஜாஸ்தி. காக்கா ஆழி சொகுசுக்கார சனியன், அசையாத சேத்துலதான் குந்தும். நம்ம எறா அங்கதான் ஒதுங்கிக்கினு கீது." நான் தலையாட்டினேன், போகவில்லை. இழுப்பு என்றாலே எனக்குப் பயம், உனக்குத் தெரியாதா?

டோல்கேட் பக்கம் ஒரு குடோனில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வரச் சொன்னார்கள். சரி என்றும் சொல்லிவிட்டேன். ஆற்றைவிட்டு ஒருமுறை ஏறினால் பிறகு இறங்கமாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் போவதற்கு முன் நீ சொன்ன இடத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன்.

நீ செய்வது போலவே ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினேன். நல்ல உப்பு. பிடிக்கிற இறாலைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினேன். காலடியில் வெறும் மணல். அலை அடிக்கிற கல்லில் பச்சை ஆழி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குக் கீழே ஓர் இறால் துள்ளியது, அக்கா! அழுகை வந்துவிட்டது. வாயில் பறி இருந்ததால் மூக்கால்தான் அழுதேன்.

குடோன் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இடம் சின்னது. கொஞ்சம் தள்ளினால் சேறு, அங்கே காக்கா ஆழி. இந்தப் பக்கம் தள்ளினால் கடல்.

போன வாரம் நான் தண்ணீரில் இருக்கும்போது கன்னியம்மா கரையில் வந்து நின்றாள். மேலே வள்ளூர்ப் பக்கம் இறால் தடவுகிறவள். அவளுடைய இடம் முழுக்க மூடிப்போய்விட்டதாம். எனக்கு வந்ததே கோபம்! ஒருத்திக்கே பற்றாத இடத்தில் இன்னொரு ஜோடிக் கையா? வைய வேண்டுமானால் பறியை வாயிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. என் வீட்டுக்காரர் செத்து, நான் நம் வீட்டுக்குத் திரும்பி வந்த சமயம். "கெடைக்கிறதே நமக்குப் பத்தல, இவளும் எறங்கணுமா?" என்று கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நீ இடுப்பளவு தண்ணீரில் இருந்தாய், வாயில் பறி. என்னைப் பார்த்து நீளமாக ஒரு "ம்ம்ம்" கொடுத்தாய். இங்கே இறால் இருக்கிறது, வா என்று நாம் கூப்பிடுகிற குரல். அந்த ஒரு குரலில்தான் நான் இத்தனை காலம் சாப்பிட்டேன். இதை உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ விடுவாயா, கேலி பண்ணியே என்னைக் கொன்றிருப்பாய்.

கன்னியம்மாவைப் பார்த்து நானும் நீளமாக "ம்ம்ம்" என்றேன். அவள் இறங்கிவிட்டாள்.

கரையேறியதும் கேட்டாள். "இன்னாக்கா, ஒன் எடத்தப் போய் எனக்கு வுட்டுக் குட்த்துட்ட?"

"என் எடமா? எங்க அக்கா எனக்கு வுட்டதுடி" என்றேன்.

வீட்டுக்குக் கடைசியாகப் பிறந்தவள் நான். என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. அது உன் பெயர் என்றுதான் இருந்தேன்.

அந்த மணல் இருக்கிற வரைக்கும், கரையில் வந்து நிற்கிற யாரையும் விரட்டமாட்டேன் அக்கா. இது சத்தியம்.

நீ கூப்பிட்டு ஆற்றில் இறங்கிய உன் தங்கச்சி,
மரகதம்